நிரலின் தரத்தைச் சொல்லிக்கொடுக்க லின்டரைப் பயன்படுத்துவது எப்படி?

மாணவரின் நிரல் சரியான விடையைத் தந்துவிட்டது என்பதற்காக அது நல்ல நிரல் ஆகிவிடாது. ஆனால் வகுப்பில் எல்லோருடைய நிரலையும் வரிக்கு வரி படித்துத் திருத்த ஆசிரியருக்கு நேரம் ஏது? அங்கேதான், நிரலை ஓட்டாமலே படித்துக் குறைகளைச் சுட்டிக்காட்டும் லின்டர் என்ற கருவி கைகொடுக்கிறது. 1978-ல் பெல் ஆய்வகத்தில் ஸ்டீபன் ஜான்சன் சி மொழிக்காக எழுதிய 'லின்ட்' இதற்கு முன்னோடி. பைத்தான் வகுப்புக்கு, அந்த மொழிக்கான லின்டரான பைலின்ட் போதும்.

முதலில், பைத்தானின் நிறுவல் கருவியான பிப் வழியாக அதை நிறுவிக்கொள்ளுங்கள். டெர்மினலில் பைலின்ட் என்று அடித்து, பக்கத்தில் கோப்பின் பெயரைக் கொடுத்தால், குறைகளை வரி எண்ணோடு காட்டும்.

அடுத்தது, பலரும் தவறவிடும் படி: பெரும்பாலான விதிகளை அணைத்துவிடுங்கள். இருபது வரி நிரலுக்கு முப்பது குறை வந்தால் புதியவர் எதையுமே படிக்கமாட்டார். பைலின்ட்டின் அமைப்புக் கோப்பில் டிஸேபிள் என்பதற்கு 'ஆல்' என்று கொடுத்துவிட்டு, எனேபிள் என்பதில் மூன்றே விதிகளைச் சேருங்கள். என் தேர்வு: பயன்படாத மாறி, எந்தப் பிழையைப் பிடிக்கிறது என்று பெயர் சொல்லாத எக்ஸெப்ட், ஆபத்தான இயல்பு மதிப்பு (அழைப்பவர் எதுவும் தராவிட்டால் ஃபங்ஷன் தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்பு).

அப்புறம், ஒவ்வொரு விதிக்கும் உங்கள் சொற்களில் ஒரு விளக்கம் எழுதிக் கொடுங்கள். கருவி தரும் ஒற்றை வரி புதியவருக்குப் புரியாது. மூன்றாவது விதியையே பாருங்கள். ஒரு பொருளைப் பட்டியலில் சேர்த்துத் திருப்பித் தரும் 'சேர்' என்ற ஃபங்ஷனில், பட்டியல் என்ற அளவுருவுக்கு இயல்பு மதிப்பாக [], அதாவது வெற்றுப் பட்டியல், கொடுத்திருக்கிறார் மாணவர். சேர்("பேனா") என்று அழைத்தால் ["பேனா"] வருகிறது, சரி. அடுத்து சேர்("தாள்") என்றால் ["பேனா", "தாள்"] வருகிறது! ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் வரி ஓடும்போது அந்தப் பட்டியல் ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. எல்லா அழைப்புகளும் அதையே பகிர்ந்துகொள்கின்றன. இயல்பு மதிப்பாக None (எதுவும் இல்லை என்பதைக் குறிக்கும் மதிப்பு) கொடுத்து, ஃபங்ஷனுக்குள் புதுப் பட்டியலை உருவாக்கினால் தீர்ந்தது. இதை மாணவர் தானே இரண்டு முறை ஓட்டிப் பார்க்கட்டும்.

சமர்ப்பிப்பதற்கு முன் எத்தனை முறை வேண்டுமானாலும் பைலின்ட்டை ஓட்ட விடுங்கள். கடைசியில் அது போடும் பத்துக்கு இத்தனை என்ற புள்ளியைத் தேர்வு மதிப்பெண்ணில் சேர்க்காதீர்கள். சேர்த்தால், குறையைத் திருத்துவதை விட்டு எச்சரிக்கையை அணைக்கும் குறிப்பை எழுதிவிடுவார்கள்.

மூன்று விதிகள் பழகியதும் ஒன்றிரண்டைக் கூட்டுங்கள்.

பெயர்களை மட்டும் நீங்களே பார்க்க வேண்டும். 'டேட்டா2' என்ற மாறியைக் கருவி கேள்வி கேட்காமல் விட்டுவிடும். மாணவரிடம், "இதற்குள் என்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். "வராதவர்கள் பட்டியல்" என்று பதில் வந்தால், அதையே பெயராக வைக்கச் சொல்லுங்கள்.