கிளட்ச் அமைப்பிலிருந்து காற்றை வெளியேற்றும் முறை

கிளட்ச் பெடல் மிதிக்கும்போது மெத்தென்று உள்ளே போய், கியர் மாற்றுகையில் உராயும் ஓசை கேட்டால், பெடலின் விசையைத் திரவத்தின் மூலம் கடத்தும் ஹைட்ராலிக் குழாயில் காற்று புகுந்திருக்க வாய்ப்புண்டு. திரவம் அழுத்தத்தில் சுருங்குவதில்லை. காற்றோ சுருங்கிவிடுவதால், பெடலின் விசை, கிளட்சை இயக்கும் ஸ்லேவ் சிலிண்டருக்கு முழுமையாகப் போய்ச் சேர்வதில்லை.

வாகனக் கையேடு குறிப்பிடும் வகைப் பிரேக் திரவத்தை (பெரும்பாலும் டாட் 3 அல்லது டாட் 4) பெடலோடு இணைந்த மாஸ்டர் சிலிண்டரின் தொட்டியில் நிரப்பி, ஸ்லேவ் சிலிண்டரின் பிளீடர் நிப்பிளில் (காற்றை வெளியேற்றத் திறக்கும் திருகு) ஒளி ஊடுருவும் டியூபை மாட்டி, அதன் மறுமுனை சிறிது திரவம் உள்ள பாட்டிலில் மூழ்கியிருக்குமாறு வைக்க வேண்டும். உதவியாளர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்கையில் நிப்பிளைக் கால் சுற்று திறந்தால், டியூபில் குமிழிகள் ஓடுவதைக் காணலாம். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும். இந்த வரிசை பிசகினால் வெளியேறிய காற்று மீண்டும் உள்ளே இழுக்கப்படும். சில வாகனங்களில் பெடல் தானாக மேலெழாது, கையால் தூக்கிவிட வேண்டியிருக்கும்.

குமிழியற்ற திரவம் வரும்வரை இதைத் தொடர வேண்டும். இடையிடையே தொட்டியைப் பார்ப்பதுதான் பலரும் மறக்கும் வேலை. அது வற்றினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். இத்திரவம் பெயிண்டை அரிக்கும் என்பதால், சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். ஓரிரு நாட்களில் பெடல் மீண்டும் மெத்தென்றானால், சிலிண்டர் சீலில் கசிவு உள்ளதா எனப் பார்ப்பதே முறை.