ஆஃப்ரோடு வண்டியில் ஸ்டெப்னியை எங்கே மாட்டுவது?

முதலில் ஸ்டெப்னியை ரிம்மோடு தராசில் ஏற்றி எடை பாருங்கள். 33 அங்குல டயர் அலாய் ரிம்மோடு சுமார் 35 கிலோ வரும். 35 அங்குல டயர், இரும்பு ரிம் என்றால் 45 கிலோவைத் தொடும். கம்பெனி பிராக்கெட் அதன் சொந்த டயரின் எடைக்காகச் செய்தது. பெரிய டயர் போட்டதுமே அந்தக் கணக்கு மாறிவிடுகிறது.

அடுத்து, பஞ்சர் ஆகும் இடத்தை நினைத்துப் பாருங்கள். வண்டி சேற்றில் வயிறு தட்டி நிற்கிறது, உதவிக்கு ஆள் இல்லை. அப்போது ஸ்டெப்னியை ஒருவராகக் கழற்ற முடிய வேண்டும்.

வண்டிக்கு அடியில் தொங்கும் ஸ்டெப்னி இந்தச் சோதனையில்தான் தோற்கிறது. எடை தாழ்வாக இருப்பதால் சரிவில் வண்டி நிலையாக நிற்கும், உண்மைதான். ஆனால் மேட்டிலிருந்து இறங்கும்போது டயர் தரையில் இடிக்கும், இறக்கும் கேபிள் சேற்றில் துருப்பிடித்து இறுகிவிடும், பெரிய டயர் பெரும்பாலும் அந்த இடத்தில் நுழையாது. அங்கேயேதான் வைப்பீர்கள் என்றால், சேற்றில் ஓட்டி வந்தபின் கழுவி, முழுவதும் இறக்கி ஏற்றிப் பார்த்து, கேபிளுக்கு கிரீஸ் போடுங்கள்.

பின்கதவில் மாட்டினால் எடுக்க எளிது. கெடுவது கீல்தான். மேடுபள்ளத்தில் டயர் ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் கீலைச் சுற்றியுள்ள தகடு வளைந்து, நாளடைவில் விரிசல் விடும். கதவை லேசாகத் திறந்து, டயரைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீலில் ஆட்டம் தெரிந்தால் கதவு அந்த எடையைத் தாங்கவில்லை. கீல்களை இணைக்கும் வலுவூட்டல் பிராக்கெட் போடலாம். டயரின் உட்பக்கம் ரப்பர் கட்டைகளில் அழுந்தி உட்காருவதும் அவசியம்; இடைவெளி இருந்தால் ஆட்டம் நிற்காது. ரிம்மின் ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து போல்ட் முகம் வரை உள்ள தூரம்) மாறினால் இந்த இடைவெளியும் மாறும். டயரின் உட்பக்கத்தில் நேர்ச்சட்டம் வைத்து, அதிலிருந்து ரிம்மின் போல்ட் முகம் (பிராக்கெட்டில் ஒட்டி உட்காரும் பரப்பு) வரை அளந்துகொள்ளுங்கள். பிராக்கெட் முகத்துக்கும் ரப்பர் கட்டைக்கும் உள்ள தூரம் அதைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும்.

35 அங்குலமும் அதற்கு மேலும் என்றால், சேஸிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) போல்ட் செய்த பின்பக்க பம்பரில், ஸ்டெப்னியைத் தாங்கிப் பக்கவாட்டில் திறக்கும் இரும்புக் கை வைப்பதே எங்கள் தேர்வு. கதவுக்கு எடையே போகாது. வாங்கும்போது மூன்றைப் பாருங்கள்: சுழலும் தண்டில் டேப்பர் பேரிங் (கூம்பு வடிவ உருளைகள் கொண்ட பேரிங்) இருக்கிறதா, மூடிய நிலையில் கை ஒரு தாங்கியில் ஏறி உட்காருகிறதா (இல்லாவிட்டால் முழு எடையும் லாட்சில் விழும்), திறந்த நிலையில் பூட்டு விழுகிறதா. கடைசியதை விட்டுவிடாதீர்கள். சரிவில் நிற்கும் வண்டியில் 45 கிலோ தானாகத் திரும்பி வந்தால் ஆளை நசுக்கும்.

பின்னால் தொங்கும் எடை நெம்புகோலாகவும் வேலை செய்யும். வீல்பேஸ் (முன், பின் ஆக்சில்களுக்கு இடையே உள்ள தூரம்) 2.5 மீட்டர், டயர் பின் ஆக்சிலுக்கு 1.2 மீட்டர் பின்னால், எடை 40 கிலோ என்று வையுங்கள். பின் ஆக்சிலில் 59 கிலோ ஏறும், முன் ஆக்சிலில் 19 கிலோ குறையும். பம்பரின் எடை இதில் சேரவில்லை. பின்பக்கம் தாழ்ந்தால் ஸ்பிரிங்கை மாற்றியே ஆகவேண்டும்.

கூரையைக் கடைசி வழியாக வையுங்கள். ஓடும்போது கூரை தாங்கும் எடை வண்டியின் கையேட்டில் இருக்கும். கேரியரின் எடையும் அதற்குள் அடங்க வேண்டும். பக்கச் சரிவில் கவிழும் அபாயம் கூடும், தனியாளாக இறக்குவதும் ஆபத்து.

பிக்கப்பின் தொட்டியில் மாட்டினால் தரைத்தகட்டை மட்டும் நம்பாதீர்கள். அடியில் தடித்த இரும்புத் தட்டு கொடுத்து, முடிந்தால் சேஸிஸ் குறுக்குச் சட்டத்தோடு போல்ட் செய்யுங்கள். வண்டிக்குள் வைத்தால், தரையில் உள்ள கொக்கிகளில் ராட்செட் பட்டையால் இறுக்குங்கள். மோதலில் கட்டாத டயர் முன்சீட்டு வரை பறந்து வரும்.

எங்கே மாட்டினாலும் பின்விளக்கு, நம்பர் பிளேட், கேமரா மறையக் கூடாது. முதல் கரடுமுரடான ஓட்டம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனரால்) மறுபடி இறுக்குங்கள். மாதம் ஒருமுறை ஸ்டெப்னியின் காற்றையும் பாருங்கள்.