செட்டிநாட்டுக் கடைக்கும் கிட்டங்கிக்கும் சரக்கு லிஃப்ட் தேர்ந்தெடுப்பது எப்படி?

காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் மாடிக்கடை வைத்திருப்பவர்கள் சரக்கு லிஃப்ட் வாங்கப் புறப்பட்டால், 'எத்தனை டன் போடலாம்?' என்பதையே முதலில் விசாரிக்கிறார்கள். அதற்கு முன்பே தெளிவாக வேண்டியது வேறொன்று: நம் சரக்கில் மிகப் பெரிய உருப்படி எது, மிகக் கனமான உருப்படி எது, அவை கூண்டுக்குள் எப்படி ஏற்றப்படும்?

பாத்திரக் கடையை எடுத்துக்கொள்வோம். சீர்வரிசைக்கான அண்டாக்களையும் தவலைகளையும் ஏற்றும்போது, அனுமதித்த எடையில் பாதியை எட்டுவதற்குள் கூண்டு நிறைந்துவிடும். ஆகவே அங்கே தேவைப்படுவது அகலமான கூண்டு. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் விற்பவருக்கு நிலைமை நேர்மாறானது. 2 சென்டிமீட்டர் கனமுள்ள கல், சதுர அடிக்கு ஏறத்தாழ 4 கிலோ வரும். அப்படியானால் 1,000 சதுர அடிக்கு உரிய கல் 4 டன். சிறிய கூண்டே போதும், ஆனால் அதன் தளம் தடித்த இரும்புத் தகட்டாலும் நெருக்கமான குறுக்குச் சட்டங்களாலும் ஆனதாக இருக்க வேண்டும். பழம்பொருள் வணிகரோ எடையைவிட உயரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 9 அடித் தேக்குத் தூணை 7 அடிக் கூண்டில் சாய்த்து நுழைக்க முயன்றால், நூறாண்டு மெருகு கதவு விளிம்பில் உரசிப் போய்விடும்.

எடைக் கணக்கில் பலரும் விட்டுவிடுவது தள்ளுவண்டியை. 26 கிலோ அரிசிச் சிப்பம் நாற்பது ஏற்றினாலே 1,040 கிலோ ஆகிவிடுகிறது. அதனுடன் வண்டியும் சேர்ந்தால் 1,000 கிலோ லிஃப்ட் அந்த நடைக்கு உதவாது. மேலும், வண்டி உள்ளே நுழையும் கணத்தில் எடையின் பெரும்பகுதி வாசல் விளிம்பில் இரண்டு சக்கரங்களின் மேல் குவிகிறது. வண்டியோடுதான் ஏற்றப்போகிறோம் என்பதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்தால்தான், அதற்கேற்ற விளிம்புப் பட்டையையும், கூண்டு ஏறி இறங்கும் வழிகாட்டித் தண்டவாளத்தையும் அவர்கள் வடிவமைப்பார்கள்.

தரைத்தளமும் ஒன்றிரண்டு மாடிகளும் மட்டும் உள்ள கடைக்கு, எண்ணெய் அழுத்தத்தால் கூண்டை உயர்த்தும் ஹைட்ராலிக் வகை நன்கு பொருந்தும் என்பது என் கருத்து. அதில் சுமையின் பெரும்பகுதி நேராகத் தரைக்கு இறங்குவதால் சுவருக்கும் மேல்தளத்துக்கும் பளு குறைகிறது. தனி இயந்திர அறையை உச்சியில் கட்ட வேண்டியதும் இல்லை. மாடிகள் கூடினாலோ, நாள் முழுவதும் ஓயாமல் ஓட வேண்டியிருந்தாலோ, கூண்டின் பளுவைச் சமன்செய்யும் எதிரெடையுடன் கம்பிவடத்தில் இயங்கும் வகையே மேல், ஏனெனில் அதற்கு மின்சாரம் குறைவாகச் செலவாகும். வேகத்துக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். ஏற்றி இறக்கவே அதிக நேரம் ஆவதால், விநாடிக்கு அரை மீட்டர் தாராளம்.

பழைய வீட்டைக் கடையாகவோ விடுதியாகவோ மாற்றுகிறவர்களுக்குச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய அந்தச் சுவர்களே கட்டடத்தைத் தாங்குகின்றன; கான்கிரீட் தூணோ பீமோ அங்கே கிடையாது. ஆகவே லிஃப்டைச் சுவரில் தொங்கவிடாமலும், மர உத்தரங்களை அறுக்காமலும், தனி அடித்தளத்தில் தன் காலில் நிற்கும் இரும்புச் சட்டகத்துக்குள் அமைப்பதே முறை. ஒரு தெருவில் முகப்பும் மறுதெருவில் பின்வாசலுமாக நீளும் வீடுகளில், பின்கட்டு முற்றமே அதற்கு உகந்த இடம். லாரி பின்தெருவில் நிற்கும், வளவின் (வீட்டின் நடு முற்றத்தைச் சுற்றிய பகுதியின்) தூண்களும் தரையும் அடிபடாது. அந்த முற்றத்தில் லிஃப்டின் அடிக்குழியைத் தோண்டுவதற்கு முன், ஐப்பசி கார்த்திகை மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதைப் பார்த்து, குழிச் சுவருக்கு நீர்க்காப்புப் பூச்சும் நீர் இறைக்கும் வசதியும் கேட்டு வாங்க வேண்டும். மேற்கூரை உயரமான வீடுகள் என்பதால், ஒரு தளத்திலிருந்து மறுதளத்துக்குள்ள உயரத்தை நிறுவனத்தார் நேரில் வந்து அளந்தே விலை சொல்ல வேண்டும்.

பட்டறையில் பற்றவைத்த கூண்டை மோட்டாரில் கட்டித் தொங்கவிடும் வழக்கத்தை மன்றாடிக் கேட்டுத் தடுக்க விரும்புகிறேன். மூட்டையோடு ஆளும் ஏறிவிடுவது கிட்டங்கிகளில் அன்றாடம் நடப்பது; வடம் அறுந்தால் அந்தக் கூண்டைப் பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. கதவு சாத்தாவிட்டால் ஓடாத பூட்டு, வேகம் மீறினால் தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் காப்பு, மிகைச்சுமை மணி ஆகிய மூன்றும் இல்லாத லிஃப்டை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக் கூடாது. தமிழ்நாட்டில் லிஃப்டுகளுக்கென 1997ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. மின் ஆய்வுத் துறையின் அனுமதிக்கான விண்ணப்பத்தை யார் போடுவது, கட்டணம் யாருடையது என்பதைக் கொட்டேஷனிலேயே குறிப்பிடச் செய்யுங்கள்.

பராமரிப்பு ஒப்பந்தத்தில், பழுதென்று சொன்னால் மதுரையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார், எந்தெந்த உதிரிப்பாகங்களுக்குத் தனிக் காசு என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். கடைசித் தவணையைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் சரக்கையே, உங்கள் தள்ளுவண்டியிலேயே முழு எடைக்கு ஏற்றி, ஒவ்வொரு தளத்திலும் கூண்டின் தரை கட்டடத் தரையோடு மட்டமாக நிற்கிறதா என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.