கிடை நாயும் பக்கத்து வீடும்: இரவுக் குரைப்பைக் குறைக்கும் முறை

நாங்குநேரிப் பக்கம் புதிதாக ஆடு வாங்கி விடுபவர்கள் முதலில் தீவனத்தைப் பற்றித்தான் கேட்பார்கள். ஆறு மாதம் கழிந்தபின், “நாய் ராத்திரி பூரா குலைக்குது, பக்கத்து வீட்டுல சண்டைக்கு வாராக, என்ன செய்ய அண்ணாச்சி?” என்று வந்து நிற்பார்கள். நாயின் வாயைக் கட்டும் வழி எனக்குத் தெரியாது, தெரிந்தாலும் சொல்ல மாட்டேன். பட்டியில் காவல் விழித்திருக்கிறது என்பதை நரிக்கும், கூட்டமாகத் திரியும் நாய்களுக்கும், ஆடு திருட வருபவனுக்கும் தொலைவிலேயே தெரிவித்துவிடுவதுதான் ஆட்டுக்குக் காவல் இருக்கும் கிடை நாயின் வேலை. ஆகவே நாம் குறைக்க முயல வேண்டியது, நம் கவனக்குறைவால் எழும் குரைப்பை மட்டுமே.

முதல் படி: ஏழு இரவுகளுக்குக் குறிப்பெழுதுங்கள்

ஒரு பழைய நோட்டில் குரைத்த நேரம், நாய் பார்த்து நின்ற திசை, விட்டுவிட்டா தொடர்ந்தா, போய்ப் பார்த்தபோது கண்டது ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். இதைச் செய்யாமல் நாயை மாற்றியவர்களையும், நாயை அடித்துக் கெடுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். நானும் முதல் ஆண்டில் நாயைத்தான் குறை சொன்னேன்.

என் பட்டிக்குக் கிழக்கே இருக்கும் வீட்டில் ஓர் அக்கா இரவு பதினொன்று வரை மடியில் சுளகை வைத்துக்கொண்டு பீடி சுற்றிவிட்டுத்தான் தலை சாய்ப்பார். அவர் கண்ணயரும் வேளையில் என் நாய் தொடங்கிவிடும். குறிப்பெழுதிப் பார்த்தபோது, ஏழில் ஐந்து இரவுகள் நாய் ஒரே மூலையைப் பார்த்துக் குரைத்திருந்தது தெரிந்தது. விடிந்ததும் அங்கே போய்ப் பார்த்தால், குட்டி ஈன்ற ஆட்டின் இளங்கொடியை (நஞ்சுக்கொடியை) நான் அரையடிக் குழியில் புதைத்திருந்த இடத்தை ஊர் நாய்கள் தோண்டிப் போட்டிருந்தன. விருந்துக்கு அழைத்தவன் நான், வசவு வாங்கியது நாய். மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, மேலே உடைமுள்ளை வெட்டிப் போட்ட பிறகு அந்த மூலைக் குரைப்பு நின்றது.

இரண்டாம் படி: பட்டியின் இடத்தையும் மறைப்பையும் சரிசெய்யுங்கள்

திறந்தவெளியில் தொலைவு இருமடங்கானால் ஓசை ஏறத்தாழ 6 டெசிபல் குறையும் என்பதால், பட்டியை இருபதடி தள்ளிப் போட முடிந்தாலும் பயன் உண்டு. வானம் தெளிந்த இரவில் தரையை ஒட்டிய காற்று மேலே உள்ளதைவிடக் குளிர்ந்துவிடுவதால், மேலெழும் ஓசையும் தரைப்பக்கம் வளைந்து வருகிறது. பகலில் கேட்காத குரைப்பு நள்ளிரவில் தலைமாட்டில் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து மேல்காற்று அடிக்கும்போது பட்டிக்குக் கிழக்கே உள்ள வீடுகளுக்கே தொல்லை மிகுதி. புதிதாகப் பட்டி போடுபவர்கள் இதை எண்ணி இடம் தேர்ந்தால் பின்னால் பாதி வழக்கு இராது.

ஏற்கெனவே போட்டாயிற்று என்றால், பாதையோரப் பக்கத்தில் பனையோலைப் படலை ஆள் உயரத்துக்கு நெருக்கமாகக் கட்டுங்கள். ஓலை ஓசையைப் பெரிதாகத் தடுக்காது. ஆனால் விடியுமுன் போகும் பால்காரரின் வண்டி வெளிச்சம் நாயின் கண்ணில் படாமல் மறைக்கும். கட்டு தளர்ந்து ஓலை காற்றில் சலசலத்தால் அதற்கும் ஒரு பாட்டம் குரைக்கும் என்பதால், மாதம் ஒருமுறை கட்டை இறுக்குங்கள்.

மூன்றாம் படி: பகலைக் கவனியுங்கள்

பகல் முழுதும் சங்கிலியில் கிடந்த நாய் இரவில் தன் சலிப்பையெல்லாம் கத்தித் தீர்க்கும். அப்படி எந்நேரமும் கட்டிப்போட்டு, நடமாட விடாமல் வளர்ப்பது 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம். காலையில் மந்தையோடு மேய்ச்சலுக்கு அனுப்புங்கள். ஆடுகளை அடைத்த பிறகு வயிறாரச் சோறு வையுங்கள்.

நான்காம் படி: குரைக்கும்போது அதட்டாதீர்கள்

நீங்கள் கட்டிலில் இருந்தபடி கத்தினால், முதலாளியும் சேர்ந்து குரைக்கிறார் என்றே நாய் எடுத்துக்கொள்ளும். எழுந்து போய் அதன் பக்கத்தில் நின்று, அது பார்க்கும் திசையில் ஒருமுறை டார்ச் அடித்து, ஒன்றும் இல்லையென்றால் “போதும்” என்று எப்போதும் ஒரே சொல்லைச் சொல்லித் திரும்புங்கள். அது வாயை மூடிப் பின்னால் வந்தால் ஒரு துண்டு வேகவைத்த ஈரல் கொடுங்கள். இரண்டு வயது நிரம்பாத நாய் பனம்பழம் விழுந்தாலும் குரைக்கும் என்பதால் பொறுமை வேண்டும்.

ஐந்தாம் படி: புகார் வருமுன் நீங்களே போங்கள்

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. ஊர்க் கோயில் கொடை விழாவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் பாடவிடும் மூன்று நாளும் இதை யாரும் நினைப்பதில்லை என்றாலும், அந்தப் பேச்சு வருமுன் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவது நல்லது. உங்கள் கைப்பேசி எண்ணைக் கொடுத்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட அட்டையைக் காட்டி, எந்தக் குரைப்புக்கு என்ன பொருள் என்பதையும் சொல்லிவிட்டு வாருங்கள். நான் போனபோது முருங்கைக்கு இரண்டு சாக்கு ஆட்டுப் புழுக்கையும் கொண்டு போனேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அந்த அக்கா அழைத்தார். திட்டத்தான் போகிறார் என்று எடுத்தேன். “தம்பி, இன்னைக்குக் குலைப்பு வேற மாதிரி இருக்கு, எந்திரிச்சுப் பாரு” என்றார். போய்ப் பார்த்தபோது தென்பக்கப் படலின் கயிறு இரண்டு இடத்தில் அறுக்கப்பட்டிருந்தது. ஆடுகள் அத்தனையும் உள்ளே இருந்தன.