பழைய காமிக்ஸ் கைக்கு வந்தா மொதல்ல பக்கத்த எண்ணுங்க

போன வாரம் தண்டையார்பேட்டைல ஒரு பழைய பேப்பர் கடையில நின்னுகிட்டு நமக்குத் தெரிஞ்ச தம்பி ஒருத்தன் போட்டோ அனுப்பினான், ராணி காமிக்ஸ் ஒரு கட்டு, "அண்ணா இது எவ்ளோ போகும், எடுக்கட்டா"ன்னு கேட்டு. அட்டைய மட்டும் போட்டோ எடுத்து அனுப்பினா எவனாலயும் வெல சொல்ல முடியாதுப்பா, கையில எடுத்து பொரட்டணும். ஒவ்வொருத்தருக்கா சொல்லி மாளல, அதான் நான் எப்டி பாப்பேன்னு இங்க எழுதிடறேன்.

அமெரிக்காவுல காமிக்ஸ் புக்கு எந்த நெலமைல இருக்குன்னு மார்க் போட 10 பாயிண்ட் ஸ்கேல் இருக்கு, 9.8, 9.4னு மார்க் போட்டு பிளாஸ்டிக் டப்பாவுல சீல் வெச்சி விக்கிறாங்க. 1938ல சூப்பர்மேன் மொதல்ல வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் மொத இதழுக்கெல்லாம் அது சரி. நம்ம ஊரு புக்க அந்த ஸ்கேல்ல நிறுத்தினா முக்காவாசி ரெண்டு மார்க்கு கூட தேறாது. சலூன் பெஞ்சுல கெடந்து, வாடகை லைப்ரரில நாலணாவுக்கு சுத்தி, ஸ்கூல் பையில மடங்கி வந்த புக்குங்க அதெல்லாம். அதனால அட்டை பளபளன்னு இருக்கான்னு நான் மொதல்ல பாக்கவே மாட்டேன். உள்ள முழுசா இருக்கான்னுதான் பாப்பேன்.

இத காசு குடுத்து கத்துக்கிட்டேன். ஞாயித்துக்கெழம ரோட்டோரக் கடை ஒண்ணுல ஒரு புக்கு, அட்டை சும்மா ஷோக்கா இருந்திச்சி, பேரம் பேசி 400 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்து ராத்திரி படிக்க ஒக்காந்தா ஹீரோ கதவ தொறக்குறாரு, அடுத்த பக்கத்துல கப்பல்ல கட்டிப் போட்டு கெடக்குறாரு. நடுவுல 4 பக்கம் அவுட்டு. அடுத்த வாரம் போய் கேட்டா "பாத்துதானே எடுத்த"ன்றாரு. அவரு சொன்னதும் நியாயந்தான், எனக்குதான் பேஜாரு.

நடுவுல மடிச்சி ஸ்டேப்ளர் பின் அடிச்ச புக்குல ஒரு தாளு மடிச்சா 4 பக்கம். பின்னு துருப்பிடிச்சி விட்டுச்சின்னா மொதல்ல கழண்டு விழறது நட்ட நடு தாளுதான். அதனால புக்க நேரா நடுவுல தொறங்க, ரெண்டு பின்னும் அங்க தாள புடிச்சிருக்கான்னு பாருங்க. அப்பால மொத பக்கத்துலேந்து நம்பர ஒண்ணு விடாம எண்ணுங்க. நம்பர் போடாத பக்கம் இருந்தா கதைய ஓட்டமா படிச்சிப் பாருங்க, ஜம்ப் ஆனா தெரிஞ்சிரும். முன்னாடி பாதில ஒரு தாளு கிழிஞ்சி போயிருந்தா அதோட ஜோடி பின்னாடி பாதில லூசா ஆடிட்டு இருக்கும், அதையும் லேசா விரல்ல தொட்டு பாக்கணும். பக்கவாட்டுல பின் அடிச்சதுன்னா இந்த ஜோடி கணக்கு வராது, அங்க கடைசி பக்கந்தான் போயிருக்கும் பெரும்பாலும்.

பின்ன பத்தி இன்னொண்ணு. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்து வீடுங்கள்ல இருந்து வர புக்குல பின் துரு இல்லாம நான் பாத்ததே கம்மி, உப்புக் காத்து சும்மா விடுமா. துரு கறை தாள்ல எறங்கி ஓட்டை பெருசாகியிருந்தா வெலய கொறைக்கலாம். ஆனா பழைய புக்குல பின்னு மட்டும் புத்தம் புதுசா மின்னுச்சின்னா உஷாரு. பக்கத்துல வேற ஓட்டை இருக்கான்னு பாருங்க, இருந்தா ரெண்டு அரைகுறை புக்க சேத்து ஒண்ணாக்கினதா இருக்கலாம், இல்ல பைண்டிங்ல இருந்து பிரிச்சதா இருக்கலாம்.

பைண்டிங் நம்ம ஊருக்கே உண்டான வியாதி. பத்து புக்க ஒண்ணா தெச்சி காலிக்கோ துணி அட்டை போட்டு, ஓரத்த கட்டிங் மிஷின்ல வெட்டி விட்டுருவாங்க. முதுகுல வரிசையா ஊசி ஓட்டை, ஓரத்துல படம் இல்ல எழுத்து பாதி வெட்டுப்பட்டு இருந்தா அதேதான். பல பைண்டிங்ல அட்டைய எடுத்துட்டுதான் தெப்பாங்க. படிக்கறதுக்கு தங்கமான சமாச்சாரம், ஆனா தனி இதழ் வெல குடுக்காதீங்க.

அட்டை போனதுக்கு கலர் ஜெராக்ஸோ பிரிண்டோ போட்டு ஒட்டி விக்கிற ஆளும் இருக்காங்க. நகவெட்டி விக்கிற கடையில கெடைக்கிற சின்ன பூதக்கண்ணாடி ஒண்ணு பையில வெச்சிக்கோங்க. பிரஸ்ல அச்சடிச்ச கலர்ன்னா சின்னச் சின்ன புள்ளி, பூ மாதிரி ஒழுங்கா அடுக்கி இருக்கும். இங்க்ஜெட் பிரிண்டர்ல எடுத்ததுன்னா மை தூத்தல் மாதிரி தாறுமாறா தெறிச்சிருக்கும். இன்னொரு விஷயம், பழைய அட்டைல இருந்த மடிப்பு, கிழிசல் எல்லாம் படமா விழுந்திருக்கும், விரல வெச்சி தடவினா வழவழன்னு இருக்கும். அங்கயே சிரிப்பு வந்துரும்.

தாளு நியூஸ்பிரிண்ட், மரக்கூழுல லிக்னின்னு ஒரு பொருள் இருக்கறதால வெயிலும் காத்தும் பட்டா பழுப்பாகும், அது கொறை இல்ல, வயசு. ஓரத்துல தொட்டா பொடிப்பொடியா உதிருதுன்னாதான் கொறை, அந்த புக்க இன்னும் நாலு தடவ படிச்சா முடிஞ்சிது. ராமபாணப் பூச்சி மேலாக்க சொரண்டி வெச்சிருக்கும், கரையான்னா பொந்து போட்டு உள்ளயே போயிருக்கும். 2015 வெள்ளத்துல வியாசர்பாடி பக்கம், 2023 மிக்ஜாம் புயல்ல எண்ணூர் பக்கம் தண்ணி பாத்த புக்குங்க இன்னும் மார்க்கெட்டுல சுத்துது, பக்கத்துல அலை மாதிரி பழுப்பு கோடு தெரியும், எண்ணூர் தண்ணில எண்ணெய் வேற கலந்துச்சி. மோந்து பாருங்க, ஈர வாடை அடிச்சா பூஞ்சை, வீட்டுல நல்ல புக்கோட சேத்து வெக்காதீங்க.

பேரு எழுதினது, லைப்ரரி ரப்பர் ஸ்டாம்ப், பேனாவுல ரொப்பின குறுக்கெழுத்து, இதெல்லாம் நான் பெருசா எடுத்துக்க மாட்டேன். பின்னாடி கூப்பன் கத்தரிச்சிருந்தா மட்டும் கொறைப்பேன், ஏன்னா கூப்பன் பின்பக்கத்துல கதையும் போயிருக்கும்.

இப்ப வெலைக்கு வருவோம். எல்லாரும் தேடுறது ஆரம்ப இதழுங்கதான். 1972ல முத்து காமிக்ஸ் மொத இதழா வந்த இரும்புக்கை மாயாவி, 1984 ஜூலைல லயன் காமிக்ஸ் ஆரம்பிச்ச கத்தி முனையில் மாடஸ்டி, அதே மாசம் ராணி காமிக்ஸ் மொத இதழ் அழகியைத் தேடி. ராணி 2005 வரைக்கும் வந்துச்சி, அதனால பின்னாடி நம்பருங்க நெறைய கெடைக்கும், வெல ஏறாது. மாயாவி கதைங்க பல தடவ மறுபதிப்பு வந்திருக்கு, அதனால கதை பேர வெச்சி ஏமாறாம இதழ் நம்பர், அட்டை வெல, உள்ள இருக்கற விளம்பரம் மூணையும் சேத்து பாருங்க. விளம்பரத்துல பின்கோடு இருக்கு, விக்கிறவரு 72 ஆரம்பத்துல வந்த மொத இதழ்னு சொல்றாருன்னா பின்கோடே 72 ஆகஸ்ட்லதான் வந்துச்சி, வெச்சிட்டு வந்துருங்க.

வெல எவ்ளோன்னு தெரிஞ்சிக்க, கேக்குற வெலய பாக்காதீங்க. எவன் வேணா பத்தாயிரம்னு எழுதலாம். வித்து முடிஞ்ச வெலதான் வெல, அத நாலு கலெக்டருங்கள கேட்டு ஒரு நோட்டுல எழுதி வெச்சிக்கிட்டே வாங்க. முழு புக்கு, சொந்த அட்டை, சொந்த பின், இது மூணும் இருந்தா அந்த வெலைக்கு போகலாம். அட்டை இல்லன்னா நான் பாதிக்கு மேல குடுக்க மாட்டேன், நடு தாளு இல்லன்னா கால்வாசி, அதுவும் எங்கிட்ட அந்த நம்பரோட நடு தாளு தனியா கெடந்தாதான்.

ஆங், அந்த தம்பி கட்டு என்னாச்சின்னா, வீடியோ கால்ல நடுப்பக்கத்த தொறக்க சொன்னேன். 14ல 9 முழுசா இருந்துச்சி. ரெண்டுல செலோ டேப், மஞ்சளாகி தாளோட ஒட்டிப் போயிருந்துச்சி. அத உரிக்கப் போனான், சத்தம் போட்டு நிறுத்தினேன், உரிச்சா எழுத்தும் சேந்து வந்துரும்டா, அப்டியே பாலிதீன் கவர்ல போட்டு எடுத்துட்டு வான்னேன்.