எண்ணெய்க் கறைக்கும் எண்ணெய் வழியும் முகத்துக்கும் முல்தானி மிட்டி

நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கும் முல்தானி மிட்டியைத் திருநெல்வேலிப் பக்கம் பெரும்பாலும் முகப்பூச்சுக்கென்றே வாங்குகிறார்கள். ஆட்டு ரோமத்திலும் கம்பளியிலும் படிந்த கொழுப்பை நீக்குவதற்குப் பழங்காலத்திலிருந்தே பயன்பட்டு வந்த களிமண் வகை இது. பாகிஸ்தானின் முல்தான் நகரத்துப் பெயரைத் தாங்கியிருந்தாலும், இந்தியாவில் ராஜஸ்தானில்தான் மிகுதியாக வெட்டி எடுக்கப்படுகிறது. மிக நுண்ணிய துகள்களாக இருப்பதால் ஒரு கைப்பிடித் தூளுக்குள் பெரும் பரப்பு அடங்கியிருக்கிறது. எண்ணெயும் நெய்யும் அந்தப் பரப்பில்தான் போய் ஒட்டுகின்றன. ஆகவே, மஞ்சள், குங்குமம், வெற்றிலைச் சாறு ஆகிய சாயக் கறைகளுக்கு இதை நம்பிப் பயனில்லை.

பட்டுப்புடவையில் அல்வாவின் நெய் பட்டுவிட்டால் தண்ணீர் தொடாமல், மொட்டைக் கத்தியால் மேலாக வழித்துவிட்டு, கறை மறையும் அளவுக்குத் தூளைக் கனமாகத் தூவி ஓர் இரவு அப்படியே விட வேண்டும். காலையில் பார்த்தால் தூளின் அடிப்பக்கம் நெய் ஏறி, நிறம் கறுத்து, திட்டுத்திட்டாகக் கட்டியிருக்கும். அதை உதறி, மென்மையான தூரிகையால் தட்டிவிட்டு, கறை மிச்சமிருந்தால் புதுத் தூளை மறுபடியும் தூவலாம். அழுந்தத் தேய்த்தால் தூள் இழைக்குள் இறங்கிவிடும். அடர்நிறப் புடவையானால் முதலில் உள்மடிப்பில் ஓரிடத்தில் சோதித்துக்கொள்வது நல்லது. பத்தமடைக் கோரைப்பாயில் தலையெண்ணெய் பட்ட இடத்துக்கும் இதே வழிதான். பாயை நனைக்கவே கூடாது.

கிரானைட் மேடையில் ஊறிப்போன எண்ணெய்க்குச் சற்றுப் பொறுமை வேண்டும். தூளில் சிறிது துணிசோப்புத் தூளும் தண்ணீரும் சேர்த்து, கரண்டியிலிருந்து வழியாத அளவுக்குக் கெட்டியாகக் குழைத்து, கறையின் விளிம்பையும் தாண்டி அரை அங்குலக் கனத்தில் அப்பி, மேலே பாலித்தீன் தாளை ஒட்டி ஒரு நாள் மூடி வைக்க வேண்டும். பிறகு தாளை எடுத்துவிட்டு, மண் தானாகக் காயும் வரை விட்டால், ஈரம் மேலேறும்போது கல்லுக்குள் இருந்த எண்ணெயும் கூடவே ஏறி மண்ணில் தங்கும். பழைய கறை ஒரே தடவையில் போய்விடாது.

கல்லில் முழுதாகக் காயவிட வேண்டிய இதே மண்ணை முகத்தில் காயவிடக் கூடாது. வெடிப்பு விழும் வரை காத்திருந்தால்தான் பலன் என்று பலரும் எண்ணுகிறார்கள். அப்படிக் காயும்போது தோலின் ஈரமும் சேர்ந்து போய், முகம் இழுத்துப் பிடித்து எரியும். தண்ணீரிலோ பன்னீரிலோ தோசைமாவுப் பதத்தில் குழைத்து, கண்ணையும் உதட்டையும் விட்டுப் பூசி, ஓரம் வெளுக்கத் தொடங்கியதுமே கழுவிவிட வேண்டும். பாளையங்கோட்டை வெயிலில் அதற்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. எண்ணெய்ப் பசை மிகுந்தவர்களுக்கு வாரம் ஒருமுறை போதும். வறண்ட தோலுக்குத் தயிரில் குழைக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். விட்டுவிடுவதே என் யோசனை. எலுமிச்சைச் சாறு எவருக்கும் வேண்டாம். முதன்முறை பூசுவோர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி ஒரு நாள் பார்த்துக்கொள்ள வேண்டும். இது தோலின் நிறத்தை வெளுப்பாக்காது. பழுத்து வலிக்கும் பருவுக்கு மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் மண்ணிலும் இதற்கு உறவான களிமண் கனிமம் உண்டு, கோடையில் அது பாளம் பாளமாக வெடிப்பதற்கு அதுவே காரணம். அதற்காக வயலில் அள்ளிய மண்ணை முகத்தில் பூசுவது தகாது, ஏனெனில் உரமும் பூச்சிமருந்தும் ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியும் அதில் இருக்கக்கூடும். கடையில் வாங்கிய மண்ணானாலும் தின்னக் கூடாது. மசக்கையில் மண் வாசனைக்கு ஏங்குவோரிடம் இதைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும், ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. தூளைச் சலிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொள்ள வேண்டும்.

சாரல் காலத்தில் தென்காசிப் பக்கம் தூள் ஈரம் இழுத்துக் கட்டிவிடும் என்பதால் இறுக்கமான மூடியுள்ள பாட்டிலில் வைக்க வேண்டும். குழைத்து மிஞ்சியதை மறுநாளுக்கு எடுத்து வைக்காமல் தோட்டத்து மண்ணில் கொட்டிவிடலாம்; கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாயின் வளைவில் படிந்து அடைத்துக்கொள்ளும். எண்ணெய் குடித்த மண்ணைக் குப்பையில்தான் போட வேண்டும்.