அடுத்தவர் காட்டு உச்சிக்குப் போவது எப்படி

நான் சிரமப்பட்டு ஏறிய மலை ஒன்றின் உயரம் 190 மீட்டர். முக்கால்வாசிக்குக் கார் போய்விடும். மிச்சத்துக்கு இரண்டு மின்வேலி, ஒரு கிடாரிக் கூட்டம், பூட்ஸை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்ட களிமண். வீட்டுக்கு வந்ததும், "உச்சியில அப்படி என்னதான் இருந்துச்சு?" என்று மனைவி கேட்டாள். ஆடு மேய்வதற்காக விதைத்திருந்த டர்னிப் இருந்தது. சொன்னேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு வருவதில்லை.

எனக்குச் சொந்த ஊர் தாராபுரம் பக்கம். இங்கிலாந்தில் நார்தாம்ப்டனுக்கு வந்து 14 வருடம் ஆகிறது. ஸ்காட்லாந்தில் 3,000 அடிக்கு மேற்பட்ட 282 மலைகளை மன்றோ என்கிறார்கள். அதையெல்லாம் ஏற எனக்கு லீவும் இல்லை, முழங்காலும் ஒத்துக்கொள்ளாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூன்று மணி நேரம் கிடைக்கும். அதற்குள் போய்வரக்கூடிய மலைகள் டம்ப் என்ற பட்டியலில் நிறைய இருக்கின்றன. இங்கே கடல்மட்டக் கணக்கு கிடையாது. ஓர் உச்சியிலிருந்து அதைவிட உயரமான இன்னோர் உச்சிக்கு நடந்து போவதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பக்கமாகப் போனாலும் 30 மீட்டராவது இறங்கித்தான் மறுபடி ஏற முடியும் என்றால் அது டம்ப். பிரிட்டனில் 17,000-க்கும் மேல் இருக்கின்றன. அதுவே 150 மீட்டர் இறங்க வேண்டியிருந்தால் மர்லின். 1992-ல் ஆலன் டாசன் என்பவர் மர்லின் பட்டியலை வெளியிட்டபோது, மன்றோவுக்குத் துணையாக மர்லினைக் கொண்டுவந்து உட்கார வைத்த குறும்பு அது.

நான் சுற்றுகிற மிட்லண்ட்ஸ் என்ற இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இந்த உச்சிகளில் நிறைய யாரோ ஒருவருடைய கோதுமைக்குள்ளோ மேய்ச்சல் நிலத்திலோதான் இருக்கும். எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம். யாராவது குறுக்கு வழி என்று சோளக் காட்டுக்குள் இறங்கினால் அப்பா திண்ணையிலிருந்தே குரல் கொடுப்பார்: "வரப்பு எதுக்கு இருக்குது?" இந்தப் பொழுதுபோக்குக்கு அந்தக் கேள்வி ஒன்றே பாதி வழிகாட்டி.

முதலில் வரைபடம். பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை, 1:25,000 அளவு, ஆரஞ்சு அட்டை. அதில் பச்சை நிறத்தில் விட்டுவிட்டு ஓடும் கோடுகள் பொதுவழி. நடக்க உங்களுக்கு உரிமை உண்டு. கறுப்பில் அதே மாதிரி ஓடும் கோடு, அங்கே ஒரு தடம் இருக்கிறது என்பதை மட்டும்தான் சொல்கிறது. உரிமையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. நான் முதல் வருடம் கறுப்பையும் பச்சையையும் ஒன்றாக நினைத்து ஒருவருடைய கொல்லைப்புறத்தில் போய் நின்றேன். அவர் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. வெளிர்மஞ்சள் பூசியிருக்கும் இடங்கள் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி காலார நடப்பதற்குத் திறந்துவிட்ட நிலம். ஆனால் உழுது பயிர் செய்யும் நிலத்தில் அதை எதிர்பார்க்க வேண்டாம்.

பச்சைக் கோடு உச்சிக்கே போனால் அதிர்ஷ்டம். அது பயிருக்கு நடுவே போனால் எனக்கு முதலில் கால் கூசியது. ஊர்ப் பழக்கத்தில் ஓரமாகச் சுற்றிப் போனேன். இங்கே சரியான முறை அதற்கு நேர்மாறு. வயலுக்குக் குறுக்கே ஓடும் பொதுவழியை விவசாயி உழலாம். விதைப்புக்காக உழத் தொடங்கிய 14 நாளுக்குள் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்கு வழியைத் திருப்பி ஏற்படுத்த வேண்டும். அவர் செய்யாவிட்டாலும் வழி அங்கேதான் இருக்கிறது. ஒருவர் பின் ஒருவராக அந்தக் கோட்டிலேயே நடக்க வேண்டும். மரியாதை என்று நினைத்து ஓரமாகச் சுற்றினால், நீங்கள் நிற்பது உரிமை இல்லாத இடம்.

பச்சைக் கோடு உச்சிக்குப் போகாவிட்டால்? நார்தாம்ப்டன்ஷயரின் உச்சியே அப்படித்தான். பேட்பி ஊருக்குப் பக்கத்தில் ஆர்பரி ஹில், 225 மீட்டர். எங்கள் ஊர் வழியாக ஓடும் நீன் ஆற்றின் ஊற்றுகளில் ஒன்று அதன் சரிவில்தான் கிளம்புகிறது. ஆனாலும் உச்சிக்குப் பொதுவழி கிடையாது. இங்கிலாந்தில் அனுமதியில்லாமல் நிலத்தில் நுழைவது பெரும்பாலும் போலீஸ் விஷயம் இல்லை, சிவில் விவகாரம். அதனாலேயே பலர் தைரியமாக ஏறிவிடுகிறார்கள். நான் கேட்டுவிட்டுத்தான் போவேன். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் பொறுப்பாக நடப்பவர்களுக்கு ஏறக்குறைய எல்லா இடத்தையும் திறந்துவிட்டிருக்கிறது. அங்கேயும் பயிர் நிற்கும் நிலம் விலக்கு, வயல் ஓரம் மட்டும் சரி. ஆக, வரப்பு.

கேட்பதற்கு நேரம் காலம் உண்டு. மாட்டுப் பண்ணையில் விடியற்காலையும் மாலை நாலு மணியும் பால் கறக்கும் வேளை. அறுவடை எந்திரம் ஓடும்போது கையை ஆட்டி நிறுத்தவே கூடாது. மழைக்கு முன்னால் முடித்துவிடும் அவசரத்தில் இருப்பார்கள். நல்ல நேரம் காலை பத்து மணிக்கு மேல். வீட்டின் முன்கதவைத் தட்டிப் பிரயோசனமில்லை. கொட்டகைப் பக்கம் போய், நாய் குரைக்கும் இடத்தில் நின்று சத்தம் கொடுங்கள், யாராவது வருவார்கள். அந்த வயல் அவர்களுடையதாக இல்லாமலும் இருக்கலாம். அப்போதும் யாருடையது என்று சொல்லிவிடுவார்கள்.

பேச்சைச் சுருக்கமாக வையுங்கள். நான் சொல்வது இவ்வளவுதான்: "சின்ன மலைகளாப் பார்த்து உச்சிக்குப் போறது என் பொழுதுபோக்கு. இந்தப் பக்கத்துல உங்க வயல்தான் உசரம். அஞ்சு நிமிஷம் நின்னுட்டு வந்துடறேன். எந்த ஓரமாப் போகட்டும்?" கடைசிக் கேள்விதான் முக்கியம். போகலாமா என்று கேட்டால் அந்நியன். எந்த ஓரம் என்று கேட்டால் பயிரின் அருமை தெரிந்தவன். ஒருமுறை டிராக்டருக்கு அடியில் படுத்திருந்த பெரியவர் தலையை நீட்டி, நாற்பது வருடமாக உழுகிறேன், அது மலை என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லையே என்றார். இன்னொரு இடத்தில் மார்ச் மாதம் போய் நின்றேன். ஆடு குட்டி போடும் நேரம், வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். தப்பு என்னுடையது. செப்டம்பரில் மறுபடி போனபோது அதே வீட்டில் வழியும் சொல்லி, கைநிறைய பிளம்ஸும் கொடுத்தார்கள்.

காலம் தெரிந்து போவது இதில் பெரிய வித்தை. குளிர்காலக் கோதுமையை செப்டம்பர், அக்டோபரில் விதைப்பார்கள். ஆகஸ்ட் வாக்கில் அறுப்பார்கள். அறுத்த தாள் மட்டும் நிற்கும் அந்தச் சில வாரங்கள்தான் நமக்குப் பொற்காலம்: தரை காய்ந்திருக்கும், கெடுப்பதற்குப் பயிர் இருக்காது. எண்ணெய்க்காக வளர்க்கும் ரேப் செடி ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும், பார்க்க அழகு. உள்ளே போனால் தண்டுகள் பின்னிக்கொண்டு ஆளை விடாது, வெளியே வரும்போது மஞ்சள் குளித்தவன் மாதிரி வருவீர்கள். மக்காச்சோளம் அக்டோபர் வரை ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும்; உள்ளே திசையே தெரியாது. நீண்ட புல்லைப் பார்த்து வெறும் புல்தானே என்று நினைத்துவிடாதீர்கள். சைலேஜுக்கு, அதாவது புளிக்கவைத்த தீவனத்துக்கு, அறுக்கும் புல்லும் பயிர்தான், மிதித்தால் சாய்ந்துவிடும். பயிருக்குள் போகத்தான் வேண்டும், அனுமதியும் இருக்கிறது என்றால், மருந்தடிக்கும் டிராக்டரின் சக்கரத் தடம் வயல் நெடுக இரட்டைக் கோடாக ஓடும். அதற்குள்ளேயே நடங்கள். அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை ஃபெசன்ட் என்ற பறவையின் வேட்டைக் காலம். வெடிச் சத்தம் கேட்டால் திரும்பிவிடுவேன்.

கேட் பற்றி ஒன்றே ஒன்று: திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுப் போக வேண்டும். ஏறித்தான் தாண்ட வேண்டும் என்றால் கீல் இருக்கும் பக்கமாக ஏறுங்கள், மறுமுனையில் ஏறினால் கேட் தொங்கிப்போகும். பல கேட்டுகளில் தாழ்ப்பாள் என்று எதுவும் இருக்காது. வைக்கோல் கட்டும் நீல பிளாஸ்டிக் கயிறு ஒன்று, மழையில் இறுகிய முடிச்சோடு இருக்கும். எங்கள் கிளுவை வேலிக் கடவில் படலைக் கட்டும் அதே முடிச்சை முதல்முறை இங்கே பார்த்தபோது கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவிழ்த்தால் அதே மாதிரி கட்டுங்கள். மின்வேலியில் மஞ்சள் அட்டை தொங்கும். அட்டை இல்லாவிட்டால் காதைக் கொடுத்துக் கேளுங்கள், சில இடங்களில் டிக் டிக் என்று சத்தம் வரும். கம்பியைத் தாண்ட முயன்று நடுவில் மாட்டிக்கொண்டால் எங்கே ஷாக் அடிக்கும் என்று ஆண்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த இடத்தைத் தேடி, கழற்றி, உடனே திருப்பி மாட்டுங்கள்.

மாடு எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் ஏமாந்தேன். காங்கேயம் மாட்டுக்கு ஆளைத் தெரியும். இங்குள்ள கிடாரிகளுக்கு எல்லா ஆளும் தீவனம் கொண்டுவரும் ஆள்தான். முப்பது கிடாரி ஒன்றாக ஓடிவந்து பத்தடி தூரத்தில் நின்று மூச்சு விடும். ஓடாதீர்கள். திரும்பி நின்று, கையை அகல விரித்து, ஒரு சத்தம் போட்டால் பின்வாங்கும். கன்றோடு நிற்கும் பசு வேறு விஷயம். அந்த வயலுக்குள் போகாதீர்கள், உச்சி எங்கேயும் போய்விடாது. நாயோடு போயிருந்து மாடு துரத்தினால் நாயை அவிழ்த்துவிடுங்கள், அது தப்பித்துக்கொள்ளும். பொதுவழி உள்ள வயலில் 10 மாதத்துக்கு மேற்பட்ட கறவை இனக் காளையை விடக்கூடாது என்று சட்டம். கறி இனக் காளை, பசுக்களோடு சேர்ந்து நின்றால் சட்டப்படி சரி. வேலி தாண்டுமுன் மாட்டை எண்ணுவதோடு மடியையும் பாருங்கள்.

சரி, மேலே போயாயிற்று. உச்சி எங்கே? சிரிக்காதீர்கள், பத்து ஏக்கர் தட்டையான வயலில் அதுதான் தலைவலி. 1936-லிருந்து நில அளவைக்காகக் கட்டிய கான்கிரீட் தூண் இருந்தால் அதுதான் உச்சி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கண்ணுக்கு நாலாபக்கமும் தெரியும் இடத்தில் வைத்தார்களே ஒழிய, உயரமான இடத்தில்தான் என்றில்லை. நான் கொத்தனார்கள் வைத்திருப்பது போன்ற சின்ன ரசமட்டம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். ஓரிடத்தில் குத்தவைத்து, மட்டத்தைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்து எதிர்ப்பக்கம் பார்ப்பேன். அந்தப் பக்கத்து மண் கோட்டுக்கு மேல் தெரிந்தால் அங்கே போவேன். போனபின் திரும்பிப் பார்த்தால் நின்ற இடம் உயரமாகத் தெரியும். நாலைந்து நடைக்குப் பிறகு பெரும்பாலும் வேலிச் செடிக்குள் போய் முடியும். கையை உள்ளே விட்டு மண்ணைத் தொட்டுவிட்டு வந்துவிடுவேன்.

ஆரம்பிப்பவர்களுக்கு ஆர்பரி வேண்டாம். லிங்கன்ஷயரில் வோல்ட்ஸ் டாப், 168 மீட்டர், தூண் சாலையிலிருந்து கூப்பிடு தூரம். யார்க்ஷயரில் பிஷப் வில்ட்டன் வோல்ட், 246 மீட்டர்; ஏ166 சாலையோரத்திலேயே ஒரு மர்லின், செருப்போடு போகலாம். பழைய ஹண்டிங்டன்ஷயரின் உச்சி 80 மீட்டர் சொச்சம். அதற்குப் பெயரே போரிங் ஃபீல்டு. 30 மீட்டர் இறக்கம் இல்லாததால் அது டம்ப் கூட இல்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

கடைசியாக, காரில் ஒரு பழைய பிரஷ்ஷும் இரண்டு லிட்டர் தண்ணீரும் வையுங்கள். 2001-ல் இந்த நாட்டில் கோமாரி பரவியபோது அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகளைக் கொன்றார்கள், நாடு முழுக்கப் பொதுவழிகளை மூடினார்கள். வயதான விவசாயிகள் அதை மறக்கவில்லை. ஒரே காலையில் இரண்டு மலை என்றால், முதல் மலையின் மண்ணை அங்கேயே கழுவிவிட்டுத்தான் அடுத்ததற்குக் கிளம்புவேன். காருக்குள் காலடியில் விரிக்க உரச்சாக்கு இருந்தால் நல்லது. எனக்கு அது கிடைக்காமல், ஊரிலிருந்து வந்த பொன்னி அரிசிச் சாக்கை விரித்துக்கொள்கிறேன்.